பிஸ்மி ஓவசியரும் பள்ளிச் சத்தியமும்

பாலைக்கிணற்றடியில் முஹ்ஸின் வீடு எது என்று கேட்டால், எந்த முஹ்ஸின் என்று திருப்பிக் கேட்பார்கள். பிஸ்மி ஓவசியர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். புத்தளத்துக் கந்தோரில் அவருக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று பதவி. ஊருக்கு அது வாயில் நுழையவில்லை. கட்டிட வேலை பார்க்க வருகிற உத்தியோகத்தர் யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஓவசியர்தான். முன்னால் இருக்கிற பிஸ்மியை அவரே தேடிக்கொண்டார்.

அத்திவாரத்துக்கு முதல் மண்வெட்டி அல்லாஹ்வின் பெயர் சொல்லும் பிஸ்மியோடுதான் விழவேண்டும். கொங்கிறீட் குழைக்கிற நாளில் வுழூ இல்லாமல் வருகிற மேசனைக் கண்டால், "கை கால் முகம் கழுவிட்டு வாங்க தம்பி, ஆக்கள் கீழ இருந்து சோறு தின்னப்போற கூரை" என்பார். சிலாபத்துப் பக்கமிருந்து வருகிற கத்தோலிக்க மேசன் பாஸ்மாரையும் விடமாட்டார். "நீங்க உங்கட முறைக்குக் கும்பிடுங்க, கும்பிடாமத் தொடங்காதீங்க." அவர்கள் சிரித்துக்கொண்டே நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுவிட்டு வேலையில் இறங்குவார்கள். பாங்கு சொன்னால் ஈரச் சாக்கால் குழையலை மூடிவிட்டுத் தொழப் போவார். கொந்தராத்துக்காரன் வாங்கித் தருகிற பிளேன்டீயைக்கூடக் குடிக்க மாட்டார்.

இதைக் கேட்டுவிட்டு, மனிதர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு வேலையைக் கோட்டை விடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தஸ்பீஹ் கிடக்கிற அதே பையில் ஒரு கபில நிறப் போத்தலும் கிடக்கும். உள்ளே வெள்ளி நைத்திரேற்று. மணலைச் சுத்தமான தண்ணீரில் குலுக்கித் தெளியவைத்து, அந்தத் தண்ணீரில் இதைச் சொட்டு விட்டால், மணலில் உப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உப்பு இருந்தால் தண்ணீர் பாலாக வெளுக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புத் தண்ணீர்க் களப்பு என்று கிடக்கிற இந்தக் கரையில் கொங்கிறீட்டுக்கு உப்பை விடப் பெரிய எதிரி இல்லை. உப்பு மணலில் போட்ட கூரைச் சிலாப் கொஞ்ச வருசம் வெளியே அழகாகத்தான் இருக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக்கொண்டே போகும். பிறகு ஒருநாள் கொங்கிறீட்டைப் பிளந்து கீழே தள்ளும்.

கொங்கிறீட்டில் கட்டி வார்த்து, தண்ணீருக்குள் கிடக்கவிட்டு, பிறகு மெசினில் நசுக்கிப் பலம் பார்ப்பது வழக்கம். முஹ்ஸின் அதற்கு வைத்த பெயர் கபுர்க் கேள்வி, மண்ணறையில் மலக்குகள் வந்து கேட்கிற கேள்வி. "எங்களுக்கு இருக்கிற மாதிரி கொங்கிறீட்டுக்கும் கபுர்ல கேள்வி இருக்கு. களவு செஞ்சா அங்க பிடிபடும்" என்று மேசன்மாரிடம் சொல்லுவார். அவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து படகேறிக் கல்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவர் சின்னப் பிள்ளை. வளர்ந்ததெல்லாம் அகதி முகாமின் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில். காற்றுக் காலத்தில் கூரை பறக்கும், மாரியில் ஒழுகும், அதனாலோ என்னவோ பிள்ளைக்குக் கூரையில்தான் கண். அடுத்த கொட்டிலில் இருந்தவர் ஜபார். முஹ்ஸினை விடக் கொஞ்சம் மூத்தவர். வாப்பாவைக் கடலில் பறிகொடுத்துவிட்டு அந்த வயதிலேயே சைக்கிளில் மீன் கட்டி விற்றவர். முஹ்ஸினுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது பஸ்ஸுக்கு வழியில்லை என்று தெரிந்து, மீன் கட்டிய சைக்கிளைக் கழுவிக் கொண்டுவந்து கொட்டில் வாசலில் நிறுத்தினார். "ஏறிட்டுப் போடா. எங்கட ஆக்கள்ல ஒருத்தனாவது கல்வீடு கட்டப் படி" என்றார். பிறகு தன் தங்கை ரம்ஸியாவையும் அவருக்கே கட்டிக்கொடுத்தார். அந்த மனிதருக்காக முஹ்ஸின் உயிரைக் கேட்டாலும் கொடுத்திருப்பார்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் யாகப்பு என்று ஒரு போதனாசிரியர். முஹ்ஸின் குழாய்க்குள் சொட்டு விடுமுன் பிஸ்மி சொல்வதைக் கேட்டுவிட்டு, "தம்பி, இங்க சாமியும் வேணாம், சத்தியமும் வேணாம். சொட்டு விடு, நிறத்தைப் பார்" என்றார் அவர்.

"சேர், பார்த்த நிறத்த மாத்தாமச் சொல்லுறதுக்குத்தான் எனக்கு அல்லாஹ் வேணும்" என்றார் முஹ்ஸின். யாகப்பு சொட்டுப் போத்தலை அவர் பக்கம் நகர்த்திவிட்டார். படிப்பும் ஈமானும் ஒன்று என்று அன்றைக்குப் பிடித்த பிடியை முஹ்ஸின் விடவே இல்லை.

நாட்டில் சண்டை முடிந்தது. மன்னாருக்குத் திரும்பினவர்கள் திரும்பினார்கள், மற்றவர்கள் இங்கேயே வேர் பிடித்துவிட்டார்கள். ஜபார் முந்தலில் கட்டிடச் சாமான் கடை போட்டு, ஹஜ்ஜுக்குப் போய்வந்து, ஜபார் ஹாஜியாராகி, பாலைக்கிணற்றடிப் பள்ளிவாசலுக்குத் தலைவருமானார். பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கிடுகுக் கொட்டில் போதும் என்ற காலம் முடிந்தது, பள்ளி வளவில் கல்லால் மத்ரஸா கட்டுவோம் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. படம் கீறி வேலையைப் பார்க்கும் பொறுப்பு முஹ்ஸினுக்கு. சாமான் கொண்டுவரும் பொறுப்பு ஹாஜியாருக்கு.

சிலாப் போடுவதற்கு முந்தின நாள் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் மணல் லொறிகள் வந்து கொட்டின. முஹ்ஸின் வழமைபோலப் பையைத் திறந்து போத்தலை எடுத்தார்.

"என்ன மச்சான், எங்கட மணலுக்குமா?" என்றார் ஹாஜியார்.

"எல்லா மணலுக்கும்தான் மச்சான். குறை நினைக்காதீங்க."

"தெதுறு ஓயாவுல நானே நிண்டு ஏத்தின மணல். ஊரே நாளைக்கு வேலைக்கு வருது. அதுக்குள்ள எண்ட மூஞ்சிக்கு நேர போத்தலத் தூக்குறியே."

ஹாஜியார் விறுவிறென்று போய் பள்ளியின் ஹவ்ள் தொட்டியில் வுழூ எடுத்தார். நூர்தீன் மௌலவியைக் கூப்பிட்டுக்கொண்டு பள்ளிக்குள் போய், இமாம் நின்று தொழுவிக்கிற மிஹ்ராபுக்கு முன்னால் நின்றார். "வல்லாஹி, இது ஆத்து மணல். கடல் மணல் ஒரு பிடியும் கலக்கல்ல" என்றார். குரல் தடுமாறவே இல்லை.

பள்ளிச் சத்தியம் என்றால் இந்த ஊர்களில் சும்மா இல்லை. காணி எல்லை, களவு போன மாடு, வலை அறுத்த சண்டை எதுவாக இருந்தாலும், ஒருவர் வுழூவோடு மிஹ்ராபுக்கு முன்னால் நின்று சத்தியம் செய்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. மறுபடி ஒரு கேள்வி கேட்பது அல்லாஹ்வின் பெயரைச் சோதிக்கிற மாதிரி. வெளியே மணல் குவியலடியில் கேட்டுக்கொண்டு நின்ற முஹ்ஸினின் கையில் போத்தல் திறந்தபடி இருந்தது. மணலில் சிப்பித் துண்டுகள் மினுங்கியதையும் கண்டார். அந்த ஆறு கடலில் விழுகிற இடத்திலும் சிப்பி கிடக்கும்தானே என்று தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். மூடியைத் திருகிப் போத்தலைப் பைக்குள் வைத்தார்.

"அல்லாட பேர் சொன்ன பிறகு எனக்கு இந்தச் சொட்டுத் தேவையில்ல" என்றார், ஊருக்குக் கேட்கிற மாதிரி. நாலு பேர் மாஷா அல்லாஹ் என்றார்கள். அட மனிசா! சொட்டு விட்டு நிறத்தைப் பார்த்திருக்கக் கூடாதா!

மாரிகள் சில போயின. முஹ்ஸினின் மகள் பஹ்மா அந்த மத்ரஸாவில் ஓதப் போகிற வயதுக்கு வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருநாள், "வாப்பா, எங்கட மத்ரஸா முகட்டுல ஆரோ தேத்தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு" என்றாள். முஹ்ஸின் பாதிச் சோற்றோடு கை கழுவினார். சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் ஏணி வைத்துத் தட்டினார். ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரிச் சத்தம் வந்தது. இன்னொரு தட்டில் ஒரு துண்டு பெயர்ந்து கையில் விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி இலை இலையாக உரிந்திருந்தது. துளைத்தெடுத்த தூளைத் தண்ணீரில் குலுக்கித் தெளியவைத்து, பிஸ்மி சொல்லிச் சொட்டு விட்டார். பாலாக வெளுத்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சிலாப்பின் மேல்தான் மாடி எழுப்பப் பள்ளி நிர்வாகம் கல் இறக்கி வைத்திருந்தது. கீழே ஊர்ப்பிள்ளைகள். மேலே இன்னொரு பாரம். தாங்காது. அவருக்குத் தெரிந்த கணக்கெல்லாம் அதைத்தான் சொன்னது.

லொறிக்காரன்தான் மச்சானை ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு முந்தலுக்கு பஸ் ஏறினார். அந்த நினைப்பில் ஒரு ஆறுதலும் இருந்தது. கடையில் ஹாஜியார் கதிரை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வரவழைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்கள ஏமாத்திப்போட்டான் மச்சான் அந்த லொறிக்காரன்" என்றார் முஹ்ஸின்.

"இல்ல, எனக்குத் தெரியும்" என்றார் ஹாஜியார்.

முஹ்ஸினுக்கு முதலில் விளங்கவில்லை.

"அந்தக் கிழமை ஆத்து மணல் லொறிய ரோட்டுல பொலிஸ் மறிச்சிட்டாங்க. வெளியூர் ஆக்களுக்கெல்லாம் நாள் சொல்லியாச்சி. ஊருக்கு முன்னால நான் என்ன சொல்லுற? கரையில கிடந்தத அள்ளி ஏத்தச் சொன்னன்."

"மிஹ்ராபுக்கு முன்னால நிண்டு சத்தியம் பண்ணினீங்களே மச்சான்!"

"பண்ணாட்டி நீ சொட்டு விட்டிருப்பாய். பண்ணினா விட மாட்டாய். உன்ன எனக்குத் தெரியாதா? சின்னதுல இருந்து பாக்கிறன்." கோபமே இல்லாமல், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அல்லாட வீட்டு வேலைக்குத்தானே பண்ணினன், எனக்கா பண்ணினன்? அவன் மன்னிப்பான். நீ கறைக்கு மேல பெயின்ட் அடிச்சிட்டு உண்ட வேலையப் பார்."

முஹ்ஸின் எழுந்து வெளியே வந்தார். பொய் சொன்னது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன் தொழுகையை, தன் பயபக்தியை, தான் உயிராக வைத்திருந்ததை ஒரு சாவியாக எடுத்துத் தன்னையே பூட்டிவிட்டானே இந்த மனிதன் என்பதுதான் பொறுக்கவில்லை. இவனுக்காகவா உயிரைக் கொடுப்பேன் என்று இருந்தேன்! பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் அழுதார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஊரைக் கூட்டச் சொன்னார். பெயர்ந்த துண்டையும் துருக்கம்பியையும் வெள்ளைத் தண்ணீரையும் காட்டினார். கடையில் நடந்த கதையையும் ஒளிக்காமல் சொன்னார். ஹாஜியார் எழும்பினார். வுழூவோடுதான் இருந்தார். மிஹ்ராபைப் பார்த்து நின்று, "வல்லாஹி, நான் அப்பிடி ஒரு கதை கதைக்கல்ல. அது ஆத்து மணல். இந்தக் கட்டிடம் விழாது" என்றார்.

"நானும் சத்தியம் பண்ணுறன்" என்று முஹ்ஸின் முன்னால் வந்தார். நூர்தீன் மௌலவி கையை நீட்டித் தடுத்தார். "ஒரு விசயத்துக்கு ஒரு சத்தியம்தான் ஓவசியர். ரெண்டு பேரும் பண்ணினா அல்லாட பேர் விளையாட்டாப் போயிரும்." அதுவும் ஊர் வழக்கம்தான். முந்திக்கொண்டவர் சத்தியம் நிற்கும்.

"சரி, ஓவசியர் மணலுக்குப் பண்ண வேணாம்" என்றார் கூட்டத்திலிருந்து ஒருவர். "கட்டிடம் விழும் எண்டு பண்ணட்டும். பண்ணினா நாங்களே உடைக்கிறம்."

விழும் என்று நாள் குறிக்கிற கணக்கு முஹ்ஸினுடைய படிப்பில் இல்லை. நாளை நடப்பதை அல்லாஹ்வின் பெயரால் சாதிக்க அவருடைய மார்க்கத்திலும் இடமில்லை. "விழக்கூடும். எப்ப எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்றார்.

"ஹாஜியார் விழாது எண்டு சத்தியம் பண்ணிட்டார். நீங்க கூடும், கூடாது எண்டு இழுக்கிறீங்க" என்றார் அந்த ஆள்.

கூட்டத்தில் மூத்தவரான உசனார் காக்கா கேட்டதுதான் எல்லாவற்றையும் முடித்தது. அவர் நல்ல மனிதர், கெட்ட நோக்கத்தோடு கேட்கவில்லை. "ஓவசியர், அண்டைக்குப் போத்தல் உங்கட கையில இருந்துதானே? ஏன் சொட்டு விடல்ல?"

"ஹாஜியார் சத்தியம் பண்ணினதால."

"அப்ப அண்டைக்கு உங்களுக்குச் சத்தியம் பெரிசு. இண்டைக்குப் போத்தல் பெரிசாப் போச்சா?"

முஹ்ஸினிடம் பதில் இருந்தது. ஆனால் சொல்வதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

வீட்டில் ரம்ஸியா முகத்தைத் தூக்கிவைத்திருந்தாள். "எண்ட கூடப்பிறந்த நானா பள்ளிக்குள்ள பொய்ச் சத்தியம் பண்ணுவாரா? உங்களப் படிக்கவச்ச மனிசன். வாய் கூசல்லையா உங்களுக்கு?" அடுத்த நாள் பஹ்மாவுக்கு முக்காடு கட்டி ஓத அனுப்பிவைத்தாள்.

கந்தோரிலிருந்து வந்து மகளைக் காணாமல் முஹ்ஸின் மத்ரஸாவுக்கு ஓடினார். பிள்ளைகள் தேத்தண்ணிக் கறைக்கு நேர் கீழே வட்டமாக உட்கார்ந்து ஆடி ஆடி ஓதிக்கொண்டிருந்தார்கள். மேலே மேசன்மார் கல் அடுக்குகிற சத்தம் கேட்டது. பஹ்மாவின் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். அவள் நாலடி வந்துவிட்டு நின்றாள்.

"விழும் எண்டா என்ன மட்டும் ஏன் கூட்டிட்டுப் போறீங்க வாப்பா? எண்ட கூட்டாளி சப்னா உள்ள இருக்கிறாளே."



எல்லாப் பிள்ளைகளையும் வெளியே எடுக்க ஒரேயொரு வழிதான் இருந்தது. இத்தனை நாளும் அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்த வழி. அவருடைய சொந்தக் கந்தோர். ஆனால் அது பள்ளிவாசல்களைப் பற்றி நாட்டில் கண்டபடி கதை பரவி, கல்லெறி விழுந்த காலம். பள்ளி விசயத்தை ஒரு முஸ்லிமே அரசாங்கக் கந்தோருக்குக் கொண்டுபோவதென்றால், ஊர் அதற்கு வைத்திருக்கிற பெயர் காட்டிக்கொடுப்பு. அந்தப் பெயர் விழுந்தால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் கழுவ முடியாது.

காலையில் வுழூ எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். பொறியியலாளர் அருமைநாயகத்தின் மேசையில் தூளையும் தண்ணீரையும் வைத்து, பிஸ்மி சொல்லிச் சொட்டு விட்டார். "பாருங்க சேர்" என்றார். அருமைநாயகம் நிறத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"இது உங்கட ஊர்ப் பள்ளி முஹ்ஸின். யோசிச்சுத்தானே கொண்டுவந்தீங்கள்?"

"ஓம் சேர். ஒருக்கா யோசிக்காம விட்டுட்டன். இப்ப யோசிச்சிட்டன்."

ஆட்கள் வந்து சோதித்து, மாடி வேலையை நிறுத்தி, மத்ரஸாக் கதவைப் பூட்டி அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் மறுபடி கிடுகுக் கொட்டிலில் இருந்து ஓதினார்கள். கடல் மணல் என்று அரசாங்கமே சொன்ன பிறகும் ஊர் திரும்பவில்லை. ஓவசியர் வெளியே சொல்லியிருக்கத் தேவையில்லை என்றது. மனிதர் எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றது. பிஸ்மி என்ற பெயரைக்கூடப் பறித்துவிட்டது. வெறும் ஓவசியர். ரம்ஸியா சோறு போட்டாள், கதைக்கவில்லை.

அடுத்த ஜும்ஆவுக்கு முஹ்ஸின் நேரத்தோடு போய் ஸஃப் வரிசையில் நின்றார். இடப்பக்கம் நின்றவர் வேறு இடம் பார்த்துப் போனார். வலப்பக்கமும் காலியானது. தோளோடு தோள் முட்ட நிற்கவேண்டிய வரிசையில், அவரைச் சுற்றி மட்டும் பாய் தெரிந்தது. "இடைவெளி விடாதீங்க, ஸஃப்ப நேராக்குங்க" என்று மௌலவி சொன்னார். ஒருவரும் அசையவில்லை.

முன் வரிசையிலிருந்து ஜபார் ஹாஜியார் இறங்கி வந்தார். நிதானமாக நடந்து, முஹ்ஸினின் வலப்பக்கம் வந்து, தோளோடு தோள் முட்ட நின்றார். பின்னாலிருந்து யாரோ, "பாத்தீங்களா, என்ன பெரிய மனசு" என்று குசுகுசுத்தது முஹ்ஸினின் காதில் விழுந்தது. அந்தத் தோளின் சூடு சட்டைக்குள்ளால் சுட்டது. தள்ளிவிட்டு வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கிவிட்டார்கள். அவரும் கையைக் கட்டினார்.

ருகூஉ, ஸுஜூது எல்லாம் அந்தத் தோளோடு சேர்ந்துதான் குனிந்து நிமிர்ந்தது. கடைசி இருப்பில் விரலை உயர்த்தியபோது அவருக்குத் தெரிந்தது, இனி என்ன வருகிறது என்று. வலப்பக்கம் திரும்பி, உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று சலாம் சொல்லாமல் தொழுகை முடியாது. இமாம் சலாம் கொடுத்தார். வரிசை வரிசையாகக் கழுத்துகள் திரும்பின. முஹ்ஸின் மட்டும் திரும்பவில்லை. பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். மறுபக்கச் சலாமையும் முடித்துவிட்ட ஹாஜியார், இவர் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்" என்றார் முஹ்ஸின், அந்த முகத்தைப் பார்த்து.